எனக்காக அவள் சொன்ன பொய்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இது நடந்தது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் வேலை. கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். என் மனைவி எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. பால்வாடிக்கு வரும் பொடிசுகள்தான் அவளுக்குப் பிள்ளைகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யார் யாரைக் கடித்தது, யார் சுண்டலை மூக்கில் போட்டுக்கொண்டது என்று ஒரு மணி நேரம் சொல்வாள்.

மழைக்காலம் வந்தால் எங்கள் படுக்கையறைக் கதவு உப்பிப்போய் நிலையில் இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள் என்று அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ளவர்களின் மோட்டாரையெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் சரி செய்து கொடுக்கும் எனக்கு, சொந்த வீட்டுக் கதவைச் சரி செய்ய நேரம் இல்லை.

அன்றைக்குக் கடையில் ஆளை உட்காரவைத்துவிட்டு, மறந்துபோன கரண்ட் சோதிக்கும் மீட்டரை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். அறைக்கதவு வழக்கம்போல் இறுகியிருந்தது. அவசரத்தில் தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். கதவு படாரென்று திறந்து எதன்மீதோ மோதி நின்றது. உள்ளேயிருந்து ஒரு அலறல்.

கதவுக்குப் பின்னால் பீரோ கண்ணாடி முன்பு அவள் நின்றிருந்திருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டு, காது அரிக்கிறதென்று ஹேர்பின்னை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கதவு அவள் முழங்கையில் அடித்ததில் ஹேர்பின் இடது காதுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

நான் பார்த்தபோது அதை அவளே பிடுங்கி எறிந்திருந்தாள். கழுத்து வழியாக ரத்தம் இறங்கியது. நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வீடு சுத்துதுங்க, என்னப் புடிச்சுக்குங்க" என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். ரெண்டு தடவை வாந்தி எடுத்தாள். காதில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள்; நான் பேசியது அவளுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டதாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். காதில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடலாமா என்றுகூடக் கேட்டேன். நல்லவேளையாக அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வலி கொஞ்சம் அடங்கியதும் அவள்தான் சொன்னாள்: "யாரு கேட்டாலும் நானே குத்திக்கிட்டேன்னு சொல்லிருவோம். நீங்க வீட்லயே இல்லன்னு சொல்லிருங்க."

"ஏன்?" என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

கல்யாணமான புதிதில், ஒரு வாய்ச்சண்டையில் நான் அவளை ஒரு முறை கை நீட்டி அடித்திருக்கிறேன். ஒரே ஒரு அறை. அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. அம்மா அப்பா இல்லாத பெண் அவள். அண்ணன்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவர் சவுதியில் வேலை பார்ப்பவர். அப்போது லீவில் வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் நேராக வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து நான் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் அழைத்து வந்தேன். அதற்குப் பிறகு என் கை ஒரு நாளும் நீண்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் எட்டு வருடமாக ஒவ்வொரு லீவிலும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், தங்கச்சியிடம் வாசலில் நின்று பேசுவார், ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார், கிளம்பிவிடுவார். ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

இந்த நிலைமையில் "கதவு இடித்துக் காதில் ரத்தம் வந்தது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்தாள். நானும் கோழை மாதிரி அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி போட்டுக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். தலைசுற்றல் இருந்தது. மற்றபடி தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தண்ணீர் குடிக்கும்போது வாயின் இடது ஓரமாக ஒழுகியது. துடைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் முகம் முழுக்க வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை. நெற்றியைச் சுருக்கச் சொன்னால் பாதி நெற்றிதான் சுருங்கியது. "பால்வாடி" என்று சொல்ல முயன்றாள். உதடு ஒட்டாததால் "ப" வரவில்லை. கையில் வைத்திருந்த கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்துவிட்டு, "இது பேய்க்காத்து அடிச்சது. அங்கிட்டு இலுப்பூர்ப் பக்கம் ஒருத்தர் மந்திரிச்சுப் பச்சிலை வச்சுக் கட்டுவாரு" என்றார். நான் காதிலேயே வாங்காமல் ஒரு கார் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போனேன். அங்கே காது டாக்டர் பார்த்தார், இசைக்கவை மாதிரி ஒரு கம்பியைத் தட்டி நெற்றியில் வைத்தார், தலையை ஆட்டிவிட்டு, "இன்னிக்கே திருச்சிக்குப் போங்க. லேட் பண்ணாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கீரனூர் வழியாகத் திருச்சி போகும்வரை காரில் ஈரக் கைக்குட்டையால் அவளுடைய மூடாத கண்ணை மட்டும் மறைத்துப் பிடித்தபடி வந்தேன்.

திருச்சி டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. அதிகம் பேசாதவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், எப்படி ஆனது என்று கேட்டார்.

"நானே காதக் கொடஞ்சேங்க. தவறிக் குத்திருச்சு."

"ஒங்க கையே இவ்வளவு ஆழத்துக்குக் குத்தாதும்மா. கொஞ்சம் வலிச்சதுமே கை நின்னுரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பத்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். வீட்டுக்காரர் அடித்தாரா என்று டாக்டர் மூன்று விதமாகக் கேட்டாராம். மூன்று முறையும் இல்லை என்றாளாம். அதை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

டாக்டர் பேச்சை மாற்றினார். "சரி, இதையாவது சரியாச் சொல்லுங்க. முகம் எப்பக் கோணுச்சு? குத்துன ஒடனேயா? கொஞ்ச நேரம் கழிச்சா?"

"தெரியலைங்க. நான் தனியாத்தான் இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்ணாடியில பாத்தேன்."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குள் வழியாகத்தான் போகிறதாம். குத்தியவுடனேயே முகம் கோணியிருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம், அப்படியென்றால் வேறு இடத்திலிருந்து நரம்பு எடுத்து ஒட்ட வேண்டிவரும். முதலில் நன்றாக இருந்து பிறகு கோணியிருந்தால் நரம்பு அறுபடவில்லை, ஏதோ அழுத்துகிறது, வீங்குகிறது என்று அர்த்தம். "ஸ்கேன்ல எல்லாமே தெளிவாத் தெரியாது. பாத்தவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்" என்றார்.

பார்த்தவன் நான், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மேஜைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். சொல்லாதே என்று அர்த்தம். ஒரு கண் மூடாமல், வாய் ஒரு பக்கம் தொங்கிய நிலைமையிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான் இருந்தேங்க டாக்டர். கதவ நான்தான் இடிச்சேன். அவ பின்னாடி நின்னது தெரியாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்பு அவளை அறைந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் அவள் ஏன் பொய் சொன்னாள் என்பது புரியாது என்று தோன்றியது.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நான் முடித்ததும் கேட்டார்: "குத்துனதும் அழுதாங்களா? அழுறப்ப ரெண்டு கண்ணும் மூடுச்சா?"

எனக்கு அந்த முகம் அப்படியே கண் முன்னால் நின்றது. "மூடுச்சுங்க. ரெண்டையும் இறுக்கி மூடித்தான் அழுதா. மறுநாக் காலையில காபிய ஊதி ஊதிக் குடிச்சா. ஒரு சொட்டு சிந்தல. சாயங்காலம்தான் தண்ணி ஒழுகுச்சு."

"ஊதிக் குடிச்சாங்களா?" என்று திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "நரம்பு அறுபடல. காது எலும்போட சில்லு ஒண்ணு நரம்ப அமுக்குதுன்னு நினைக்கிறேன். உள்ள இருக்கற குட்டி எலும்பும் எடம் மாறிருக்கு. ஆபரேஷன் பண்ணிருவோம்."

எழுந்தபோது என்னிடம் சொன்னார்: "கதவ இடிச்சது தெரியாம நடந்தது. ஆனா இத நீங்க மொத வார்த்தையாச் சொல்லிருக்கணும்." திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது.

வராண்டாவுக்கு வந்ததும் அவள் அழுதாள். "ஏங்க சொன்னீங்க? அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியட்டும். நானே சொல்றேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். "மச்சான், நான் பேசுறேன்" என்று ஆரம்பித்தவுடனே அவர் குரல் இறுகிவிட்டது. நான் தனியாக அவருக்குப் போன் செய்வது எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கதவு, ஹேர்பின், முகம், காது, நாங்கள் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் கத்தப் போகிறார் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். இல்லை.

"தங்கச்சிகிட்டக் குடுங்க" என்றார்.

அவள் போனை வழக்கம்போல் இடது காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வலது காதுக்கு மாற்றினாள். "அண்ணே... சத்தியமாக் கதவுதாண்ணே" என்றாள். உதடு ஒட்டாமல் வார்த்தை குழறியது. "ஏம்மா ஒனக்கு வாய் கொழறுது?" என்று அவர் கேட்டதும், பிறகு அவர் விம்மியதும் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. சவுதி வெயிலில் வருடக்கணக்காக ஓவர்டைம் பார்த்து இறுகிய உடம்பு, கடுமையான பேச்சு அவருடையது. அப்படிப்பட்ட மனிதர் அழுதார்.

போன் திரும்ப என்னிடம் வந்தது.

"மாப்ள, இத அவ சொல்லிருந்தா நான் நம்பிருக்க மாட்டேன். ஒங்களக் காப்பாத்தச் சொல்றான்னு நெனச்சிருப்பேன். நீங்களே சொன்னீங்க பாருங்க, அதனால நம்புறேன்" என்றார். "அவளப் பாத்துக்குங்க."

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து மறுபடி உள்ளே அழைத்துப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஆபரேஷன். காலையில் உள்ளே கூட்டிப் போனவர்கள் மதியம் தாண்டித்தான் வெளியே வந்தார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அரிசி அளவுகூட இல்லாத மூன்று எலும்புகள் ஒன்றையொன்று தொட்டு நின்றுதான் சத்தத்தை உள்ளே கடத்துகின்றனவாம். நடுவில் இருப்பது கழன்று விழுந்திருந்தது. அதை எடுத்துச் செதுக்கி மறுபடி பாலம் மாதிரி பொருத்தியிருக்கிறார். கிழிந்த சவ்வுக்கு, காதுக்கு மேலே இருந்து மெல்லிய தோல் மாதிரி ஒன்றை எடுத்து ஒட்டியிருக்கிறார். நரம்பின் மேல் அழுத்திக்கொண்டிருந்த எலும்புச் சில்லையும் எடுத்துவிட்டார். "நரம்பு முழுசா இருக்கு. ஆனா முழிச்சு வர மாசக்கணக்காகும். பொறுமையா இருக்கணும்" என்றார். மோட்டாருக்குள் தலைமுடி கனமே உள்ள கம்பியைச் சேதமில்லாமல் சுற்றுவதற்கே எனக்கு வியர்த்துவிடும். உயிரோடு இருக்கும் ஒருத்தியின் காதுக்குள் இவ்வளவும் செய்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் ஒரு புதுக் குடித்தனம் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். மூடாத கண் காய்ந்துவிடக் கூடாது என்று மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுவேன். தூங்கும்போது இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவேன். முதல் நாள் புருவத்தின் மேல் ஒட்டி, காலையில் பிய்க்கும்போது நாலு மயிர் கையோடு வந்துவிட்டது. "மோட்டார்னு நெனச்சீங்களா?" என்று பாதி வாயால் திட்டினாள். இடது பக்கம் இருந்து பேசினால் கேட்காது என்பதால் தெருவில் நடக்கும்போது அவளுக்கு வலது பக்கமாகப் போகப் பழகினேன். ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவையும் இழைக்கவைத்தேன். மூன்று மாதம் தள்ளிப்போட்ட வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவள் பால்வாடிக்குப் போகவே மறுத்தாள். லீவு முடிந்ததும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். பிள்ளைகளா விடுவார்கள்? சோறு ஊட்டும்போது ஒரு வாண்டு கவசத்தை இழுத்துவிட்டது. "டீச்சர், ஏன் ஒரு பக்கமாச் சிரிக்கிறீங்க?" என்று இன்னொன்று கேட்டது.

"இந்தப் பக்கம் தூங்குதுடா" என்றாளாம்.

"எழுப்புவோமா டீச்சர்?"

ஒரு நாள் பால்வாடித் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், இருபது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கன்னத்தை உப்பென்று ஊதிக்கொண்டிருந்தன. நடுவில் இவள். கண்ணாடி முன்னால் தினமும் செய்யும்படி டாக்டர் சொன்ன பயிற்சி அது. கன்னம் ஊது, புருவத்தைத் தூக்கு, உதட்டைக் குவி, மூக்கைச் சுளி. இவள் கன்னம் ஊதினால் இடது ஓரமாகக் காற்று புஸ்ஸென்று போய்விடும். உடனே இருபதும் வேண்டுமென்றே புஸ்ஸென்று காற்றை விட்டு உருண்டு உருண்டு சிரித்தன. அவளும் சிரித்தாள். கண்ணாடியைத் திருப்பி வைத்தவள், இருபது முகங்களைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு தன் முகத்தைப் பழக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காது முதலில் வந்தது. காதுக்குள் வைத்திருந்த பஞ்சையெல்லாம் எடுத்து, சவ்வு ஆறிய பிறகு டாக்டர் சோதித்துப் பார்த்து நல்ல முன்னேற்றம் என்றார். அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் என்னை உலுக்கினாள். "ஏங்க, நீங்க கொறட்ட விடுறது இந்தக் காதுல கேட்டுச்சுங்க!" என்றாள். குறட்டைக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முகம் வர நாளானது. மூன்றாவது மாதம், சொட்டு மருந்து விடும்போது இடது இமை லேசாகத் துடித்த மாதிரி இருந்தது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் மறுபடி பார்த்தேன். இமை பாதி இறங்கியது. "மூடு, மூடு, இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன். அவள் பயந்தே போனாள். பிறகு கன்னம், அப்புறம் உதட்டோரம். எட்டாவது மாதம் "பாப்பா பாட்டுப் பாடு" என்று தெளிவாகச் சொல்லிக் காட்டினாள். நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. களைத்துப்போனால் இடது உதடு கொஞ்சம் சோம்பலாகத்தான் எழும். சாப்பிடும்போது அந்தக் கண் தானாகச் சிமிட்டும். கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் திணறுவாள். போதும், எங்களுக்கு அது தாராளம்.

அடுத்த வருடக் கடைசியில் அவள் அண்ணன் லீவில் வந்தார். திருச்சி விமான நிலையத்தில் தங்கச்சியின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிரி" என்றார். சிரித்தாள். "நெத்தியச் சுருக்கு" என்றார். சுருக்கினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, அறந்தாங்கிக்கு நாளைக்குப் போய்க்கிறேன். இன்னிக்கு ஒங்க வீட்டுக்கே வாரேன்" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறிய அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டுமே முகத்தின் இரண்டு பக்கத்திலும் வந்தன.

நான் கை ஓங்காத அன்றைக்குக்கூட, அடித்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள் என்று அவள் பயப்பட்டாளே, அந்தப் பயத்தை அவள் மனதில் போட்டவன் நான். காதையும் முகத்தையும் டாக்டர் சரி செய்து கொடுத்துவிட்டார். இந்தப் பயத்தைச் சரி செய்யும் வேலை மட்டும் என்னுடையது. அதனால் இன்றைக்கும் அவள் ஏதாவது சொல்ல வந்து தயங்கினால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன்.